பனியன் ஊசியும் நாலு ப்ளக்கும்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு டீவி முன்னால் உட்காரும் வயதுக்கு வந்துவிட்டோம் நாமெல்லாம். இனி யாருக்குப் பயந்து எதை மறைப்பது? அதனால் என் வயதுக்காரர்களான உங்களுக்குச் சொல்கிறேன். எங்கள் அப்பாவைப் பெட்ரோல் திருடன் என்று சொல்லித்தான் வேலையைவிட்டு நிறுத்தினார்கள். டேங்கில் இருந்த பெட்ரோலை உருவி விற்றுவிட்டு, குறைந்த அளவுக்குச் சீமெண்ணெய் ஊற்றிவிட்டார் என்பது குற்றம். அவர் செய்யவில்லை. அதற்குச் சாட்சியாக என் பீரோவில், ஒரு தகர டப்பாவில், பனியன் நெய்கிற மிசினின் ஊசிகள் இரண்டு இருக்கின்றன.

ஊசி எப்படிப் பெட்ரோலுக்குச் சாட்சி சொல்லும் என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது நாங்கள் திருப்பூரில் மண்ணரைப் பக்கம் குடியிருந்தோம். அப்பா ஒரு பனியன் கம்பெனி முதலாளியின் கறுப்புக் காருக்கு டிரைவர். அம்மாவின் தம்பி, என் மாமா, அதே கம்பெனியில் நிட்டிங் மிசின் ஓட்டினார். ஒரே முதலாளியின் சோற்றை இரண்டு வீட்டிலும் தின்றோம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எனக்குப் பத்து வயது.

இன்றைக்கு நம் பிள்ளைகள் கார் ஓட்டுகிறார்கள், பானெட்டைத் திறந்து பார்ப்பதே இல்லை. அன்றைக்கு அப்படி முடியாது. நாலு சிலிண்டருக்கு நாலு ப்ளக். ஒவ்வொரு ப்ளக்கின் நுனியிலும் நடுவில் ஒரு கம்பி, அதன் தலைக்கு மேலே வளைந்து நிற்கும் இன்னொரு கம்பி. இரண்டுக்கும் நடுவே நகத்தின் கனத்துக்கு ஒரு சந்து. அந்தச் சந்தில் பொறி பாய்ந்தால்தான் வண்டி ஓடும். ஓட ஓடக் கம்பி தேயும், சந்து அகலும். ஆகவே அவ்வப்போது கழற்றி, கரி துடைத்து, வளைந்த கம்பியை மெல்லத் தட்டிச் சந்தைச் சரிசெய்ய வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அதைச் செய்வார். முதலாளி வீட்டுக் கார் கொட்டகையில், சாக்கை விரித்து, நாலு ப்ளக்கையும் வரிசை மாறாமல் வைப்பார். நான் தூக்குப்போசியில் பழையதும் வெங்காயமும் கொண்டுபோவேன். கொட்டாங்குச்சியில் கொஞ்சம் சீமெண்ணெய் ஊற்றி, ப்ளக்கை முக்கி எடுத்து, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட் துணியால் துடைப்பார். சீமெண்ணெயும் கரியும் புதுப் பனியன் துணியும் கலந்த ஒரு வாசனை. இப்போதும் எங்காவது அது வந்தால் எனக்குப் பசிக்கும்.

"கண்ணு, ப்ளக்கு மூஞ்சியப் பாத்தாப் போதும், வண்டி எப்புடி ஓடுச்சுன்னு சொல்லிப்போடும்" என்பார். "பிஸ்கோத்து நெறமா இருந்தா வண்டி சொகமா இருக்குது. கரிக்கட்டையாட்ட இருந்தா வண்டிக்குச் சளி. சுண்ணாம்பாட்ட வெளுத்திருந்தா காய்ச்சல்."

முதலாளியம்மா ஒருநாள் பால் செம்போடு அந்தப் பக்கம் வந்தார். "ஏனப்பா டிரைவரு, பச்சக் கொழந்தையக் குளிப்பாட்டற மாதிரியில்ல பண்ற!"

"கொழந்தைக்கு வாயிருக்குதுங்க அம்மணி, பசிச்சா அழுவும். இதுக்கு நாமதான் பாத்துச் செய்யோணுமுங்க."

அம்மணி சிரித்துக்கொண்டே போனார். அப்பா பேசினால் யாரும் சிரிக்காமல் போனதில்லை. முதலாளியிடம் மட்டும் அவருக்கு ஒரே வார்த்தைதான். "சரீங்க." வெயிலில் மூன்று மணிநேரம் நில் என்றால் சரீங்க. சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து வா என்றால் சரீங்க. மாமா அதைச் சொல்லிக் காட்டிக் கேலி செய்வார். "என்ற மச்சானுக்கு எமன் வந்து கூப்புட்டாலும், சரீங்க, வண்டி எடுக்கட்டுங்களான்னுதான் கேப்பாரு!"

அந்தக் கொட்டாங்குச்சிச் சீமெண்ணெய் எங்கள் வீட்டு எண்ணெய். ஒரு டானிக் பாட்டிலில் அப்பா எடுத்துப்போவார். காரின் டிக்கியில் அது எப்போதும் இருக்கும். அம்மாவுக்கு அதில் கோபம்.

"ஏனுங்க, வண்டி நெறைய பெட்ரோல வெச்சுக்கிட்டு, நம்ம அடுப்பு எண்ணெயில கொண்டுபோயி அவிய ப்ளக்கக் கழுவோணுமா?"

"கழுவறதுக்கு அவிய பெட்ரோலத் தொடப்படாது. டேங்குல கை உட்டுப் பழகிட்டா அப்பறம் கை சும்மா இருக்காது."

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

ஊசிக்கு வருகிறேன். சந்தை அளக்கத் தகட்டுக் கொத்து ஒன்று உண்டு. விசிறி மாதிரி விரியும், ஒவ்வொரு தகடும் ஒரு கனம். அப்பாவிடம் அது இல்லை. கோயமுத்தூரில் இருந்து வாங்கிவரலாம் என்று முதலாளி சொல்லிச் சொல்லியே வருடங்கள் போயின. ஒருநாள் கம்பெனியில் பழைய நிட்டிங் மிசினைப் பிரித்துப் போட்டார்கள். குப்பையில் கிடந்த ஊசி ஒன்றை அப்பா எடுத்துப் பார்த்தார். விரல் நீளம், நுனியில் ஒரு கொக்கி, கொக்கியை மூடித் திறக்கிற சின்ன நாக்கு. தண்டு தட்டையாக, ஒரே கனமாக இருந்தது. "இத வெச்சுக்கட்டுங்களா?" என்று முதலாளியிடம் கேட்டே எடுத்துக்கொண்டார். அடுத்த முறை கோயமுத்தூர் மெக்கானிக்கிடம் போனபோது அவருடைய தகட்டோடு ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். மயிரிழை வித்தியாசம் இல்லை. மெக்கானிக் தொடையில் தட்டிச் சிரித்தாராம். "திருப்பூர்க்காரன் காருக்கும் பனியன் போட்டு உட்டுட்டான்யா!"

அன்றிலிருந்து அந்த ஊசிதான் அளவு. ஊசியைச் சந்தில் நுழைத்து, கம்பி அதை லேசாகப் பிடிக்கும்வரை தட்டுவார். இழுத்தால் வர வேண்டும், விட்டால் விழக் கூடாது. ஒரு தகர டப்பாவில் போட்டு, வீட்டு அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்.

அதை நான்தான் தொலைத்தேன்.

கம்பெனி வேஸ்ட்டைத் திணித்து ஒரு பொம்மை செய்திருந்தேன். அதற்குச் சட்டை போட வேண்டும். மாமா ஒருநாள் கிழிந்த துணியில் ஊசியின் கொக்கியை விட்டு, நழுவிப்போன கண்ணியை இழுத்து மேலே ஏற்றிக் காட்டியிருந்தார். அதேபோலச் செய்கிறேன் என்று அப்பா இல்லாத நேரத்தில் டப்பாவைத் திறந்து ஊசியை எடுத்தேன். சாயங்காலம் ஊசியைக் காணோம். மெழுகிய தரை முழுக்கத் தடவினேன், பாயை உதறினேன், கூட்டிய குப்பையைக் கிளறினேன். எங்கும் இல்லை.

மாமா வீடு இரண்டு தெரு தள்ளி. அங்கே போய் அழுதேன்.

"இதுக்குப் போயி அழுவறியா சாமி? மாமன் ஓட்டறது ஊசி மிசினு! ஆயிரம் ஊசி குத்திக்கிட்டு நிக்குது" என்றார். மறுநாள் காகிதத்தில் மடித்து ஒன்று கொண்டுவந்தார். எண்ணெய் மினுக்கத்தோடு புத்தம் புது ஊசி. "உங்கொப்பங்கிட்ட மூச்சு உடாத. ஒடஞ்ச ஊசியக் குடுத்தாத்தான் புது ஊசி குடுப்பாங்க, கண்ணு. எண்ணெத் தொட்டியில உழுந்து போச்சுன்னு பொய் சொல்லி வாங்கியாந்திருக்கறன். தெரிஞ்சா மாமன் கம்பெனி வாசல்ல நிக்க முடியாது."

மாமாவுக்கு மூன்று குழந்தைகள். மூன்றாவது அப்போதுதான் தவழ்ந்தது. எனக்காக அத்தனை பெரிய காரியம் செய்தாரே என்று பூரித்துப் போனேன். ஊசியை டப்பாவில் போட்டு மூடினேன். கொக்கி இருக்கிறது, நாக்கு இருக்கிறது. ஊசி ஊசிதானே?

மாமா ஓட்டியது புதிதாக வந்த மிசின், மெல்லிய துணி நெய்வது. அதன் ஊசியும் மெல்லிசு. பத்து வயதில் எனக்கு அது தெரியாது. மாமாவுக்குத் தெரியும், ஆனால் ப்ளக்கின் சந்து பற்றி அவருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். அவரிடம் நாங்கள் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்பா எண்ணெய்க் கையோடு டப்பாவில் விரலை விட்டார், ஊசி வந்தது. எத்தனையோ வருடமாக வருகிற ஊசி, அதை யார் உற்றுப் பார்ப்பார்கள்? நுழைத்தார், தட்டினார். வழக்கமாக இரண்டு தட்டு. அன்றைக்கு நாலு, ஐந்து. "இந்தவாட்டி கம்பி சாஸ்தி தேஞ்சிருக்குது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அந்தத் தட்டுகளின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சந்து குறுகினால் பொறி சிறுக்கும். பெட்ரோல் முழுதாக எரியாது. மிச்சம் கரியாகப் படியும். பத்து நாளில் கார் காலையில் கிளம்ப மறுத்தது. சிக்னலா, கூட்டமா, ஒன்றுமில்லாத அந்தக் காலத்துத் திருப்பூர் சாலையில் நின்று நின்று இருமியது. அப்பா ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தார். நாலும் கரிக்கட்டை. கழுவினார், அதே ஊசியை வைத்தார், மாட்டினார். திரும்பவும் கரி. வீட்டில் சீமெண்ணெய் சீக்கிரம் தீர்ந்தது.

ஊசிமேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ப்ளக்கின் ரகத்தில்தான் கோளாறு என்று முடிவு செய்தார். அதற்குக் காரணமும் இருந்தது. முதலாளியின் கார் அந்த நாட்களில் வீட்டிலிருந்து கம்பெனி, கம்பெனியிலிருந்து சாயப்பட்டறை, அங்கிருந்து தபாலாபீஸ் என்று ஊருக்குள்ளேயே ஊர்ந்தது. அப்படி ஊர்கிற வண்டியில் ப்ளக் சூடேறாது, சூடேறாத ப்ளக்கில் கரி எரிந்துபோகாது. அதற்கென்று சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிற ப்ளக் வேறு ரகம் உண்டு. சூட்டைச் சீக்கிரம் விட்டுவிடுகிற ரகமும் உண்டு, அது நெடும்பயணத்துக்கு. காரில் இருந்தது இந்த இரண்டாவது ரகம்.

முதலாளிக்குக் கோயமுத்தூரில் ஒரு மில்லில் வேலை இருந்த ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு என்று என்னையும் முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்கள். முதலாளியை மில்லில் இறக்கிவிட்டு நாங்கள் ப்ளக் கடைக்குப் போனோம். நீளமான கடை, கண்ணாடி அலமாரி, ரப்பரும் கிரீஸுமாக வாசனை. அப்பா ஒவ்வொரு ப்ளக்காக எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, நுனியில் வெள்ளைப் பீங்கான் எவ்வளவு நீளம் தெரிகிறது என்று வெளிச்சத்தில் பார்த்தார். பீங்கான் நீளமாக இருந்தால் சூட்டைப் பிடிக்கும், குட்டையாக இருந்தால் விடும்.

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "என்னங்க டிரைவரே, பொண்ணு பாக்க வந்த மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க?"

"பொண்ணு பாத்திருந்தா இந்நேரம் பஜ்ஜியாச்சும் வந்திருக்குமுங்க."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரர் எனக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். அப்பா நீளப் பீங்கான் ப்ளக் நாலைப் பொறுக்கி எடுத்ததும் அவர் முகம் மாறியது.

"இது சூட்டு ப்ளக்குங்க. ஊருக்குள்ள சுத்தறதுக்குச் சரி. மலை கிலை ஏறுனீங்கன்னா தாங்காது, பாத்துக்குங்க."

"எங்க மொதலாளி மலையப் பாத்தே நாலு வருசம் ஆச்சுங்க" என்றார் அப்பா.

திரும்பி வரும்போது என் மடியில்தான் புது ப்ளக்குகள். மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, சின்னச் சின்ன நாலு அட்டைப் பெட்டிகளை எண்ணி எண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். என் சிறுவயதில் நான் சந்தோஷமாக இருந்த கடைசிப் பயணம் அது என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனாலும் அப்படித்தான்.

புது ப்ளக் மாட்டியதும் கார் கொஞ்சம் தேறியது. இருமல் குறைந்தது. இதற்கும் அப்பா வைத்தது அதே மெல்லிய ஊசிதான். ப்ளக்கின் சூடு கரியை எரித்ததால் குற்றம் மறைந்து நின்றது, அவ்வளவே. பழைய நாலையும் வேஸ்ட்டில் சுற்றி டிக்கியில் போட்டுவைத்தார்.

இரண்டு வாரம் போயிருக்கும். கல்கத்தாவில் இருந்து ஒரு வியாபாரி வந்தார். கம்பெனியில் பாதிச் சரக்கு அவருக்குத்தான் போனது. காலையில் சரக்கைப் பார்த்துவிட்டு, ஊட்டியை ஒருமுறை பார்த்தால் என்ன என்றாராம். முதலாளி உடனே காரை எடுக்கச் சொல்லிவிட்டார்.

அப்பா கார் கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஏனுங்க, மலைக்கு இந்த ப்ளக்கு ஆகாதுங்க. ஒரு மணி நேரங் குடுத்தீங்கன்னா பழசக் கழுவி மாட்டிக்குவனுங்க."

"பார்ட்டி வண்டில ஏறி உக்காந்தாச்சு. இப்பப் போயி சாமானப் பரப்பறயாப்பா? அதெல்லாம் ஏறும். எடு."

"சரீங்க" என்றார் அப்பா.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எஞ்சினுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரிச் சத்தம் வந்ததாம். அப்பா வேகத்தைக் குறைத்தார், நிறுத்தி நிறுத்தி ஆறவிட்டார். பாதி வளைவு ஏறியதும் இழுவை போய் வண்டி நின்றுவிட்டது. கல்கத்தாக்காரர் சாலையோரக் கல்லில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். போகிற பஸ்ஸெல்லாம் வேடிக்கை பார்த்தது. முதலாளியிடம் அவர் அரைகுறைத் தமிழில், "உங்க பனியன் நல்லா ஓடும், கார் ஓடாது போல" என்றாராம். முதலாளிக்கு முகத்தில் ரத்தமில்லை.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? டிக்கியைத் திறந்தார். பழைய நாலு ப்ளக்கை எடுத்தார். கரியாக இருந்தவற்றைக் கழுவ, டானிக் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகியதும் வாசனை காற்றில் வந்தது.

முதலாளி எழுந்து வந்தார். "இது என்னது?"

"சீமெண்ணெயிங்க. ப்ளக்கு கழுவறதுக்குங்க."

"என்ற வண்டியில சீமெண்ணெய்க்கு என்ன வேலை?"

அப்பா சொன்னார். உங்கள் பெட்ரோலைத் தொடக் கூடாது என்றுதான் வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன் என்று சொன்னார். சொல்லும்போதே அது பொய் மாதிரி ஒலித்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். பழைய ப்ளக்கை மாட்டிக்கொண்டு, இருமி இருமிக் கீழே இறங்கி, நேராகக் கோயமுத்தூர் மெக்கானிக் பட்டறைக்குப் போனார்கள்.

மெக்கானிக் கெட்டவர் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார். பழைய ப்ளக்கில் அடைகரி. புது ப்ளக்கின் நுனி வெந்து வெளுத்திருந்தது. மலையில் எஞ்சின் தட்டியிருக்கிறது. மூன்றையும் சேர்த்தால் பெட்ரோலில் சீமெண்ணெய் கலந்த வண்டியின் லட்சணம்தான். டிக்கியில் பாட்டில் வேறு. ஒரே ஒருமுறை தன் தகட்டை எடுத்து அந்தச் சந்தில் விட்டுப் பார்த்திருந்தால், நுழையாமல் முட்டி நின்றிருக்கும். தகட்டுக் கொத்து சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. டிரைவர் வைத்த சந்து சரியாகத்தான் இருக்கும், அந்த ஊசியை நானே ஒத்துப் பார்த்திருக்கிறேனே என்று நினைத்திருப்பார்.

"சீமெண்ணெய் கலந்த கோளாறு மாதிரிதாங்க தெரியுது" என்றார்.

"இல்லீங்க" என்றார் அப்பா.

முதலாளியிடம் தன் வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே "இல்லீங்க" அதுதான்.

கல்கத்தாக்காரருக்கு டாக்சி பிடித்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் சாவியை வாங்கிக்கொண்டார்கள். போலீஸுக்குப் போகவில்லை, திட்டவில்லை. "இத்தன வருசம் ஓட்டுன, அதனால உடறன். போ" என்றாராம் முதலாளி. அதைக் கருணை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மாமாவை முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். உன் மச்சான்தானே, உனக்குத் தெரியாமலா இருந்தது? மாமா, "அவருக்கும் எனக்கும் இனி பேச்சுவார்த்தை இல்லீங்க" என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தார். சொன்னபடியே நடந்தும் கொண்டார். டீக்கடையில், சலூனில், யார் கேட்டாலும், "அக்கா மூஞ்சியப் பாத்துச் சும்மா இருந்தனுங்க, எனக்கு எப்பவே சந்தேகம்" என்றார். எங்கள் தெருவழியே போனால் தலையைத் திருப்பிக்கொண்டு போனார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்திருப்பார்?

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அன்றைக்குச் சாயங்காலம் அடுப்பு மூட்டப் போனவள், சீமெண்ணெய் டின்னைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு கரித்துண்டை எடுத்து, எண்ணெய் நிற்கிற மட்டத்தில் டின்மேல் ஒரு கோடு போட்டாள். அப்பா பார்த்துக்கொண்டேதான் இருந்தார். மறுநாளும் போட்டாள். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு வருகிறவரைக்கும் அந்தக் கோடு நிற்கவில்லை.

சீமெண்ணெய் டிரைவர் என்று பெயர் வந்த பிறகு யார் கார் கொடுப்பார்கள்? ஊருக்கு வெளியே நெருப்பெரிச்சல் கிராமம் வரைக்கும் நடந்து நடந்து கேட்டார். கடைசியில் பருத்தி மண்டியில் மூட்டைக்குக் காவல் இருக்கிற வேலை கிடைத்தது. வேலை முடிந்து வந்து கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார். ரோட்டில் கார் ஏதாவது போனால் கண்ணை மூடிக்கொண்டே, "மூணாவது ப்ளக்கு அடிக்கல" என்பார். "சந்து பெருசாயிருச்சு." "இவன் நல்லா வெச்சிருக்கறான்." முதலாளியின் கறுப்புக் கார் புது டிரைவரோடு போகும். அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார்.

எட்டு மாதம் கழித்து என் பொம்மையின் வயிறு பிய்ந்தது. மறுபடி தைக்கலாம் என்று வேஸ்ட்டை உருவினேன். விரலில் சுருக்கென்று குத்தியது. உள்ளே பழைய ஊசி. திணிக்கும்போது துணியோடு சேர்த்துத் திணித்திருக்கிறேன்.

சந்தோஷத்தில் டப்பாவைத் திறந்து புது ஊசிக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தால் தடவினேன். பழையது தடி. புதியது மெல்லிசு. கண்ணுக்கு லேசாகத்தான் தெரிந்தது, நகத்துக்கு நன்றாகத் தெரிந்தது. பயம் என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அம்மா தண்ணிக்குப் போயிருந்த நேரம். இரண்டு ஊசியையும் அப்பாவிடம் கொண்டுபோய், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பொம்மை, மாமா, எண்ணெய்த் தொட்டிப் பொய், எல்லாம். அவர் திட்டவில்லை. எழுந்துபோய், பெட்டிக்கடியில் இருந்து அந்தக் காரின் பழைய ப்ளக் ஒன்றை எடுத்துவந்தார். அதை ஏன் வைத்திருந்தார் என்று தெரியாது. மெல்லிய ஊசியை விட்டார், சரியாகப் பிடித்தது. தடி ஊசியை விட்டார், முட்டி நின்றது. இன்னொருமுறை விட்டுப் பார்த்தார். பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் முகத்தில் ஒரு நிமிடம், ஒரே நிமிடம், பழைய அப்பா தெரிந்தார்.

"வாங்கப்பா, மொதலாளிகிட்டப் போயிச் சொல்லலாம்" என்றேன். "ஊசியக் காட்டுனா நம்புவாரு."

"நம்புவாரு கண்ணு. அவருக்கு ஊசி தெரியும்." ப்ளக்கைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "அடுத்த கேள்வி என்ன கேப்பாரு, சொல்லு பாக்கலாம்."

நான் இரண்டு ஊசியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இந்தப் புது ஊசி உனக்கு ஏதுன்னு கேப்பாரு. இந்த மிசினு இந்த ஊருலயே அவர்கிட்ட மட்டுந்தான் இருக்குது."

"கீழ கெடந்துச்சுன்னு சொல்லலாமுங்க அப்பா."

"இன்னிக்கு நெசத்தச் சொல்லப் போயி, போன எடத்துல பொய் சொல்றதா?" என்றார். ப்ளக்கைக் கீழே வைத்துவிட்டு, "அந்தச் சின்னவன் நடக்கறானா இப்ப?" என்று கேட்டார். மாமாவின் மூன்றாவது பிள்ளையை.

"நடக்கறானுங்க."

இரண்டு ஊசியையும் டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தார். "பத்தரமா வெச்சுக்க. அம்மாகிட்டச் சொல்லீராத. அவ தம்பியப் போயிக் கேட்டுப்போடுவா." கட்டிலில் படுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் டப்பாவோடு நின்றுகொண்டே இருந்தேன்.

அம்மா கடைசிவரை அவரைச் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டாள். சோறு போட்டாள், காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தாள், சட்டையைத் துவைக்கும் முன் முகர்ந்தும் பார்த்தாள். அவள் சாகக் கிடந்தபோது, இப்போதாவது காதில் சொல்லிவிடலாமா என்று குனிந்தேன். அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். தலையை மெல்ல ஆட்டினார். சொல்லவில்லை.

அப்பா இறந்த அன்று முதலாளி வந்தார். நடக்க முடியாமல் பேரனைப் பிடித்துக்கொண்டு வந்து மாலை போட்டார். கூட்டத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "நல்ல மனுசன். என்னமோ அன்னிக்குப் புத்தி கெட்டுச் செஞ்சுட்டான். நான் அப்பவே மன்னிச்சுட்டேன்."

அவருக்குப் பின்னால் மாமா நின்றிருந்தார். கம்பெனியில் போர்மேனாகி ரிட்டயர் ஆனவர். மச்சானுக்கு வாய்க்கரிசி போட வந்தவர், துண்டை வாயில் திணித்துக்கொண்டு, அங்கிருந்த எல்லோரையும்விட அதிகமாக அழுதார். "பெரிய மனசுங்க உங்களுக்கு" என்று முதலாளியைப் பார்த்துக் கும்பிட்டார்.

டப்பா என் மடியில் புடவைக்குள் இருந்தது. எடுத்துவிடலாம் என்றுதான் இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தேன். முதலாளி என் தலையில் கையை வைத்தார். "உனக்கு ஏதாச்சும் வேணுமா கண்ணு?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார். அவர் கண்ணில் ஒன்றுமே இல்லை, வெறும் துக்கம்தான். தான் கொடுத்த ஊசி அவர் நினைவிலேயே இல்லை.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

இப்போது முதலாளி இல்லை. மாமாவும் போய்ப் பத்து வருடம் ஆகிறது. சொல்லலாம் என்று ஆனபோது கேட்க வேண்டியவர்கள் யாரும் இல்லை. என் மகனிடம் ஒருநாள் சொன்னேன். "அதுக்கென்னம்மா இப்போ?" என்றான். நியாயமான கேள்விதான்.

போன வாரம் உங்களுக்கு இதைச் சொல்ல நினைத்து டப்பாவைத் திறந்தேன். இரண்டு ஊசியும் துருப்பிடித்து ஒரே நிறமாகிவிட்டன. எது தடி, எது மெல்லிசு என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. நகத்தால் தடவினேன். என் நகமும் வயதாகித் தடித்துப் போயிருக்கிறது. திரும்பத் திரும்பத் தடவினேன். இரண்டும் ஒரே மாதிரித்தான் இருந்தன.